எந்தச் சோடா?

அறிவிப்புப் பலகையில் ஒட்டிய காகிதத்தில் பசை இன்னும் காயவில்லை. அதற்குள் அந்த வாளித் தொழிற்சாலையில் அதைப் படிக்காத ஆள் பாக்கி இல்லை.

'எடைப் பிரிவில் மூன்று முறையாக மொத்தம் 294 கிலோ சோடா குறைந்திருக்கிறது. பொறுப்பாளர் இன்று மதியம் இரண்டு மணிக்கு முதலாளியம்மாவிடம் நேரில் விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் வேலை நீக்கம், போலீசில் புகார்.'

எடைப் பிரிவு என்றால் ஒரு தராசு, ஒரு மேஜை, ஒரு பெண். அவ்வளவுதான். பதினோரு வருஷத்தில் அந்தப் பெண்ணுக்கும் 'தராசு' என்றே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. "தராசு எங்கே?" என்று யாராவது கேட்டால், எந்தத் தராசு என்று திருப்பிக் கேட்பதில்லை. ஒன்று இருக்கும் இடத்தில்தான் மற்றொன்று இருக்கும்.

அவள் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை எழுத்துகள் கலங்கின.

"அழுகையை ரெண்டு மணிக்கு வச்சுக்கோ. அங்கேதான் பிரயோஜனப்படும்."

பின்னால் மேனேஜர். கையில் சாவிக்கொத்து. அதைச் சுழற்றாமல் அந்த மனிதருக்குப் பேச வராது.

"சார், ஒரு தொட்டிக்கு நானூறு கிலோ. ஒவ்வொரு தடவையும் என் கையால நிறுத்துப் போட்டேன். ஒரு கிராம் குறையல."

"நான் சொல்லலம்மா. கெமிஸ்ட்ரி சொல்லுது." சாவிக்கொத்து ஒரு சுற்று. "லேப் சார் தொட்டித் தண்ணியைச் சோதிச்சுட்டாரு. உள்ளே போனது முன்னூத்தி ரெண்டு கிலோதானாம். மீதி தொண்ணூத்தெட்டு எங்கே? மூணு தொட்டி, மூணு தொண்ணூத்தெட்டு. ஆமா, உன் வீட்டுக்காரர் வேலை பார்க்கறது சோப்புக் கம்பெனியிலதானே? சோப்புக் காய்ச்ச என்ன வேணும்?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். அந்தக் கேள்வியை அவர் அவள் காதோடு காதாகக் கேட்கவில்லை. அங்கே நின்ற பதினைந்து பேரும் கேட்கும்படி கேட்டிருந்தார்.

மணி பதினொன்று. இன்னும் மூன்று மணி நேரம்.

விஷயம் இதுதான். வாளி செய்யும் தகட்டில் துரு இருந்தால் துத்தநாகம் ஒட்டாது. அதனால் தகடுகளை அமிலத்தில் ஊறவைத்துத் துருவை எடுப்பார்கள். உழைத்து ஓய்ந்த அமிலம் பின்கட்டுத் தொட்டியில் சேரும். பத்தாயிரம் லிட்டர். அதை அப்படியே வெளியே விட முடியாது. சோடாவைக் கொட்டி, அமிலத்தின் காரத்தை - அல்ல, புளிப்பை - அடக்கி, லாரியில் ஏற்றி ஊருக்குப் பொதுவான கழிவுநீர் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு தொட்டிக்கு நானூறு கிலோ என்று என்றைக்கோ யாரோ கணக்குப் போட்டு, சுவரில் பெயின்ட்டால் எழுதி வைத்திருந்தார்கள்: 'சோடா 400.'

பதினோரு வருஷம் அந்தக் கணக்கு பிசகியதில்லை. இப்போது மூன்று தொட்டியும் வரிசையாகத் திரும்பி வந்துவிட்டன. 'அமிலம் மிச்சம்' என்று சீட்டு. முதல் இரண்டை எப்படியோ சரிக்கட்டி அனுப்பினார்கள். மூன்றாவது இன்னும் பின்கட்டில் நிற்கிறது.

எடை மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். பதிவேட்டுக்கு அடியில் அவளுடைய ரகசியம் ஒன்று இருந்தது: பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகம். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கோட்டைவிட்ட பாடம். அடுத்த மாதம் நாலாவது படையெடுப்பு. எல்லாத் தடவையும் அவளைக் கவிழ்த்தது ஒரே அத்தியாயம்தான். மோல்.

'ஒரு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு நாற்பது கிராம்.' இந்த வரியை நெட்டுருப் போட்டிருந்தாள். ஏன் என்றுதான் புரிந்ததில்லை.

லேப் சார் விட்டுப்போன சோதனைச் சீட்டு பதிவேட்டில் செருகியிருந்தது. எடுத்துப் பார்த்தாள். 'அமிலம் தொடக்கத்தில்: லிட்டருக்கு 1 மோல். மிச்சம்: லிட்டருக்கு 0.245 மோல்.' அதற்குக் கீழே அவசரக் கையெழுத்தில், 'பத்தாயிரம் லிட்டரில் அடங்கியது 7550 மோல். 7550 × 40 = 302 கிலோ.'

அவ்வளவு சின்னச் சீட்டு. அதில் அவள் திருடி ஆகிவிட்டிருந்தாள்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. டிபன் டப்பாவோடு நாத்தனார் வந்து சேர்ந்தாள். அமிலப் பிரிவில் வேலை. புருஷனின் தங்கை என்ற உறவைவிட வாய்த்துடுக்கு என்ற உறவுதான் அவளோடு அதிகம்.

"என்ன அண்ணி, முன்னூறு கிலோவை ஒளிச்சு வச்சிருக்கீங்களாமே? நான் வந்து போற வீடு. கட்டிலுக்கடியில என் செருப்பு வைக்கவே இடமில்ல."

"உனக்கு எல்லாம் விளையாட்டு."

"விளையாடாம? உங்களைத் திருடின்னு சொல்றவன் உங்களோட ஒரு நாள் கடைக்குப் போயிருக்கணும். கடைக்காரன் அஞ்சு கிராம் அதிகமாப் போட்டாக்கூட எடுத்துத் திருப்பிக் குடுக்கற ஆளு." டப்பாவைத் திறந்தாள். "சாப்பிடுங்க. பட்டினியாப் போனா குரல் வராது."

தராசு சாப்பிடவில்லை. நாத்தனாரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் தோல் உரிந்து, ஓரமெல்லாம் சிவந்து கிடக்கும் கை. இன்று வழவழவென்று இருந்தது.

"கை எப்படி ஆறிச்சு?"

"அதுவா? ஒரு மாசமா எரியறதே இல்ல அண்ணி. முன்னெல்லாம் சோடா ஒரு துளி கையுறைக்குள்ள போனாப் போதும், உயிர் போகும். இப்ப வர்ற சோடா நல்ல சோடா. என்ன, கொட்டும்போதுதான் எழவெடுத்த நுரை! பொங்கிப் பொங்கி விளிம்புவரைக்கும் வருது. கடையில சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தா எப்படி இருக்கும், அப்படி."

தராசு சட்டென்று நிமிர்ந்தாள்.

"என்ன சொன்ன?"

"நுரைன்னேன்."

"அதுக்கப்புறம்?"

"சோடா பாட்டில்னேன். குடிக்கிற சோடா. ஏன் அண்ணி இப்படி முழிக்கறீங்க?"

குடிக்கிற சோடா. துவைக்கிற சோடா. கையைச் சுடுகிற காஸ்டிக் சோடா. மூன்றுக்கும் இந்தத் தொழிற்சாலையில் ஒரே பெயர். சுவரில் எழுதியவர் 'சோடா 400' என்றுதான் எழுதினார். மேனேஜரும் போன மாதம் புது வியாபாரியிடம் ஃபோனில் கேட்டது அவள் காதிலேயே விழுந்தது: "சோடா இருக்காய்யா? என்ன விலை?" வந்து இறங்கியது, பெயர் அச்சடிக்காத வெள்ளைச் சாக்கு. எப்போதும் செதில் செதிலாக இருப்பது, மாவு மாதிரி இருந்தது. 'என்ன சார் இது?' என்று அன்றைக்கே கேட்டாள். 'நைசா அரைச்சிருக்கான், அவ்வளவுதான். சோடா சோடாதான்' என்று சாவிக்கொத்து பதில் சொன்னது.

புத்தகத்தை வெளியே இழுத்தாள். பக்கங்கள் பறந்தன.

"எடைக்கும் எண்ணிக்கைக்கும்தான் தகராறு," என்று முணுமுணுத்தாள். கண் மேஜை மேலிருந்த ரிவெட் டப்பாக்களில் நின்றது. வாளிக் கைப்பிடியைப் பிடிக்கும் ரிவெட்டுகள். ஆயிரம் ரிவெட் கேட்டால் யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. சின்னது ஆயிரம் என்றால் இத்தனை கிலோ, பெரியது ஆயிரம் என்றால் அத்தனை கிலோ. நிறுத்துக் கொடுத்தால் எண்ணிக் கொடுத்த மாதிரி. ஒரு நாளைக்கு இருபது தடவை அவள் செய்கிற வேலை.

"அடிப்பாவி!" என்றாள் சத்தமாக.

"நானா?"

"நான்தான்டி! மூணு தடவை ஃபெயிலானேனே, இதுக்கா? இதைத்தானே பதினோரு வருஷமாச் செஞ்சுக்கிட்டிருக்கேன்! மோல்னா ரிவெட் கணக்குடி. எண்ண முடியாததை நிறுத்து எண்ணுறது!"

"மோலாவது கீலாவது. சாப்பாடு ஆறுது."

"கீலு இல்ல, கிலோ. கிலோவுக்கும் மோலுக்கும்தான் இன்னைக்குச் சண்டையே." பென்சிலை எடுத்தாள். "அமிலத்துக்கு எடை தெரியாது. எத்தனை பேர் வந்தீங்கன்னுதான் கேக்கும். காஸ்டிக்கில ஒரு ஆளு ஒரு அமிலத்தைப் பிடிப்பான். அந்த ஆளோட எடை நாற்பது."

நானூறு கிலோவை, அடங்கிய 7550 மோலால் வகுத்தாள். நாத்தனார் எட்டிப் பார்த்தாள். விடை மெல்ல வந்தது: 52.98.

"ஐம்பத்துமூணு," என்றாள் தராசு. "நான் போட்டது நானூறு கிலோதான்னா, ஒரு அமிலத்தைப் பிடிக்க ஐம்பத்துமூணு கிராம் செலவாகியிருக்கு. நாற்பது இல்ல."

பக்கத்தைப் புரட்டினாள். சமையலுக்குப் போடும் சோடா: 84. இல்லை. சலவை சோடா, சோடியம் கார்பனேட்: ஒரு மோல் 106 கிராம். ஆனால் அது ஒற்றை ஆள் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு அமிலத்தைப் பிடிக்கிற பலசாலி.

நூற்றாறில் பாதி எவ்வளவு என்று சொல்ல நாத்தனாருக்கே பென்சில் தேவைப்படவில்லை.

"அண்ணி!" என்று கத்தினாள். டிபன் டப்பா மூடி உருண்டு ஓடியது.

இரண்டு மணி. முதலாளியம்மாவின் அறை.

முதலாளியம்மா அதிகம் பேசாதவர். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார் என்றால் கேட்கத் தயார் என்று அர்த்தம். கழற்றினார். ஒரு பக்கம் மேனேஜர், மறுபக்கம் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வந்துபோகும் லேப் சார். தராசு உள்ளே வந்தபோது கையில் மன்னிப்புக் கடிதம் இல்லை. ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது.

"என்னம்மா, வாளியை வேற எடுத்துட்டுப் போகப் போறியா?" மேனேஜர் தானே சொல்லித் தானே சிரித்தார்.

அவள் லேப் சாரைப் பார்த்தாள். "சார், ஒரே ஒரு கேள்வி. உங்க சீட்டில 7550-ஐ நாற்பதால பெருக்கியிருக்கீங்க. அந்த நாற்பது எங்கிருந்து வந்தது?"

"காஸ்டிக் சோடாவோட மோல் எடைம்மா அது."

"தொட்டியில விழுந்தது காஸ்டிக்தான்னு யார் சொன்னா?"

"சோடான்னு... பதிவேட்டில..." என்று இழுத்தார் லேப் சார்.

"அதே நானூறு கிலோவை 7550-ஆல வகுத்துப் பாருங்க சார்."

அவர் சட்டைப் பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்தார். தட்டினார். திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் அதுவரை இருந்த வாத்தியார்க் களை இறங்கிவிட்டது.

"ஐம்பத்துமூணு," என்றார் மெதுவாக. "சலவை சோடா!"

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க," என்றார் முதலாளியம்மா.

"அம்மா, ஒரு கிலோ சின்ன ரிவெட்டும் ஒரு கிலோ பெரிய ரிவெட்டும் நிறுத்தா ஒண்ணுதான். எண்ணினா ஒண்ணு இல்ல. நாம காஸ்டிக்குக்குப் போட்ட நிறுவையில சலவை சோடாவைப் போட்டிருக்கோம். பத்தாயிரம் கை வேண்டிய இடத்துல ஏழாயிரத்து ஐந்நூத்துச் சொச்சம் கைதான் வந்திருக்கு. மிச்ச அமிலத்தைப் பிடிக்க ஆளில்ல. நான் நானூறுதான் நிறுத்தேன்."

சாவிக்கொத்து சுழல ஆரம்பித்தது. மேனேஜர் லேசுப்பட்ட ஆள் இல்லை.

"ஒரு நிமிஷம். சார், நீங்களே சொல்லுங்க. காஸ்டிக்கையே முன்னூத்தி ரெண்டு கிலோ மட்டும் போட்டிருந்தாலும் இதே மிச்சம்தானே வரும்?"

லேப் சார் தயங்கினார். "வரும். கணக்கு ரெண்டுக்கும் ஒத்துப் போகும்."

"பார்த்தீங்களாம்மா? கணக்கு நல்லாத்தான் போடறா. திருடறவளும் கணக்குப் போடுவா."

நாத்தனார் கதவுக்கு வெளியே பல்லைக் கடிக்கிற சத்தம் உள்ளே கேட்டிருக்கும். தராசு மட்டும் சிரித்தாள். அன்று காலையிலிருந்து முதல் சிரிப்பு.

"அதனாலதான் சார் வாளி கொண்டுவந்தேன்."

ஐந்து நிமிஷத்தில் பின்முற்றத்தில் கூட்டம். சிறிய மின்தராசைத் தூக்கி வந்து, காற்றில்லாத சுவரோரம் மேஜை போட்டு வைத்தார்கள். ஸ்டோரில் மீதியிருந்த மூட்டைகளில் ஒன்றை மேனேஜரே தேர்ந்தெடுத்தார். லேப் சாரே தையலைப் பிரித்தார். தராசு எதையும் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கண்ணாடியும் கையுறையும் மாட்டிய நாத்தனார், நீர்த்த அமிலத்தை வாளியில் ஊற்றித் தராசில் வைத்தாள். திரையில் 840 கிராம். லேப் சார் ஒரு காகிதத்தில் சரியாக 53 கிராம் சோடா நிறுத்தார்.

"ரெண்டும் சேர்ந்தா எண்ணூத்தித் தொண்ணூத்திமூணு," என்றாள் தராசு. "காஸ்டிக்கா இருந்தா கொதிக்கும், ஆனா எங்கேயும் போகாது. எண்ணூத்தித் தொண்ணூத்திமூணு அப்படியே நிக்கும். நின்னா, போலீசை நானே கூப்பிடறேன்."

"சலவை சோடாவா இருந்தா?" முதலாளியம்மா.

"அமிலத்துல கார்பன் டை ஆக்சைடா நுரைச்சு வெளியே போயிடும். முழு மோலுக்கு நாற்பத்துநாலு கிராம். நாம போடறது அரை மோல். இருபத்திரண்டு கிராம் காணாமப் போகணும்." சாக்பீஸை எடுத்துச் சுவரில், எல்லோருக்கும் தெரியும்படி, முழங்கை நீள எழுத்தில் எழுதினாள்: 871.

நாற்பது பெண்கள் மேஜையைச் சுற்றி நெருங்கி நின்றார்கள்.

முதல் கரண்டி. புஸ்ஸென்று சீறி நுரை எழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. லேப் சார் தட்டித் தட்டிக் காகிதத்தைக் காலி செய்தார். திரையில் எண்கள் இறங்கத் தொடங்கின. 890. 886. 881.

"இறங்குது! இறங்குது!" யாரோ கத்தினார்கள்.

878. 876. 875.

நின்றது.

நுரை அடங்கிவிட்டது. சீறல் ஓய்ந்துவிட்டது. 875. அசையவில்லை. பத்து விநாடி. இருபது விநாடி.

"நாலு கிராம் உதைக்குதே," என்றார் மேனேஜர். சாவிக்கொத்து உற்சாகமாக ஒரு சுற்றுச் சுற்றியது. "சுவத்தில எழுதினது எண்ணூத்தி எழுபத்தொண்ணு. ஏதோ கலப்படம். இதை வச்சு எப்படிம்மா நம்பறது?"

தராசு சுவரில் தான் எழுதிய எண்ணைத் திரும்பிப் பார்த்தாள். தப்பா? நாலாவது தடவையும் அதே அத்தியாயத்தில் கவிழ்வா? பதினோரு வருஷப் பெயர் இந்த நாலு கிராமில் போகிறதா? வாளியை வெறித்தாள். பாதிக்கும் மேல் வெறும் வாளி. அடியில் கொஞ்சம் திரவம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லையா?

"அட்டை!" என்று கத்தினாள். "யாராவது ஒரு அட்டையைக் குடுங்க!"

"எதுக்கு அண்ணி?"

"வந்த வாயு இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பலடி! அது காத்தைவிடக் கனம். வாளிக்குள்ளேயே சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. அதையும் சேர்த்துத்தான் தராசு நிறுக்குது!"

லேப் சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எனக்குத் தோணலையே!"

நாத்தனார் வாளியைத் தூக்கி மெல்லச் சுழற்றினாள். அடியில் ஒளிந்திருந்த குமிழிகள் கலகலவென்று வெளியே வந்தன. ஒரு பெட்டி அட்டையைக் கிழித்து வாளிக்குள் விசிறு விசிறென்று விசிறினாள். காற்றை வெளியே துரத்துகிற வேகத்தில் மேனேஜரும் ஓரடி பின்வாங்கினார். மறுபடியும் தராசில் வைத்தாள்.

873 என்று காட்டியது. துடித்தது. 872.

"இன்னொரு தடவை," என்றாள் தராசு.

விசிறினாள். வைத்தாள்.

871.

முற்றம் வெடித்தது. நுரையைவிட வேகமாகச் சத்தம் பொங்கியது. லேப் சார் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். தப்பைத் தன் மேல் போட்டுக்கொள்ளக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும், அவரிடம் இருந்தது.

"முதலாளியம்மா, தப்பு என்னுது. எந்தச் சோடான்னு நான் கேட்டிருக்கணும். கேக்காம ஒரு மனுஷியைத் திருடியாக்கிட்டேன்." பிறகு அவளைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்கம்மா. இந்தக் கணக்கை இவ்வளவு அழகா நான் வகுப்பிலகூடப் பார்த்ததில்ல," என்றார்.

முதலாளியம்மா கைப்பேசியை எடுத்து வியாபாரியை அழைத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

"எங்களுக்கு என்ன அனுப்பினீங்க?"

"சோடாதாங்க."

"எந்தச் சோடா?"

"துணி துவைக்கிற சோடாங்க. உங்க மேனேஜர் சோடான்னுதானே கேட்டாரு? நான்கூட நெனச்சேன், என்னடா இது வாளி பண்றவங்களுக்கு இவ்வளவு துணியான்னு."

சிரிப்பு அடங்க இரண்டு நிமிஷம் ஆனது. அதில் சேராதது ஒரே ஒரு ஆள். அவருடைய சாவிக்கொத்து சட்டைப் பைக்குள் போய்விட்டிருந்தது.

"பலகையில ஒட்டினதை நீங்களே கிழிங்க," என்றார் முதலாளியம்மா அவரிடம். "அதே இடத்துல மன்னிப்பு எழுதி ஒட்டுங்க. உங்க கையெழுத்தில." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்தார். "அந்த மூணாவது தொட்டி இன்னும் நிக்குதே. என்ன பண்ணலாம்?"

லேப் சாரிடம் கேட்கவில்லை. அவளிடம் கேட்டார்.

தராசு யோசிக்கக்கூட இல்லை. "2450 மோல் அமிலம் மிச்சம். ஒண்ணுக்கு ஐம்பத்துமூணு கிராம். நூத்திமுப்பது கிலோ போட்டா அடங்கிடும்மா. இன்னைக்கே லாரியில ஏத்தலாம்."

அவளே நிறுத்தாள். எண் நூற்று முப்பதில் நிற்கும்வரை கடைசிக் கைப்பிடியைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டாள். நுரை விளிம்பு தாண்டாதபடி நாத்தனார் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினாள். பாதி மூட்டை, பிறகு பொறுமை, பிறகு மீதி. கடைசியில் லேப் சார் சோதனைத் தாளைத் தொட்டியில் நனைத்து உயர்த்திக் காட்டினார். அமிலம் இருந்தால் வரும் சிவப்பு இல்லை. இளம்பச்சை.

மூன்றரைக்கு லாரி புறப்பட்டது. ஐந்து மணிக்கு வேலை முடிந்து மணி அடித்தும் யாரும் வாசலைத் தாண்டவில்லை. வீட்டுக்குப் போகாமல் நாற்பது பேர் ஒரு கழிவுநீர் லாரிக்காகக் காத்து நிற்பது அந்தத் தொழிற்சாலை கண்டிராத காட்சி.

ஐந்து இருபதுக்கு லாரி திரும்பியது. டாங்கி காலி. டிரைவர் ஜன்னல் வழியே ஒரு சீட்டை நீட்டினார். கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, "என்னங்க, யாருக்காவது கல்யாணமா?" என்றார்.

நாத்தனார் சீட்டைப் பிடுங்கி உரக்கப் படித்தாள். "அமிலம் இல்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டது!"

யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. யாரோ ஒருத்தி அடுக்கியிருந்த புது வாளி ஒன்றைக் கவிழ்த்துத் தட்டினாள். அடுத்தவள் இன்னொன்றை. துத்தநாகம் பூசிய நாற்பது வாளிகள் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. சத்தம் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது. நடுவில் நின்ற தராசை, வேண்டாம் வேண்டாம் என்று அவள் சிரித்துத் திமிற, நாலு பேர் தூக்கி நிறுவைத் தட்டின் மேல் நிறுத்தினார்கள்.

"எவ்வளவு காட்டுது?" என்று கேட்டாள் ஒருத்தி.

நாத்தனார் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"சொல்ல மாட்டேன். ஆனா ஒரு கிராம் குறையல!"